கதவுக்கு மேல ஒரு ஜன்னல்: வென்டிலேட்டர் பற்றி ஒரு முழுப் பாடம்

சிவில் டிராயிங் ஷீட் போட்டவங்களுக்கு இது தெரியும். பிளானில் கதவுக்கு 'டி', ஜன்னலுக்கு 'டபிள்யூ', அப்புறம் ஓரத்தில் பாவமா ஒரு 'வி'. கதவுக்கும் ஜன்னலுக்கும் சைஸ் யோசிச்சுப் போடுவோம். 'வி' மட்டும் பாத்ரூம் சுவரில் 60 சென்டிமீட்டருக்கு 45 என்று கை தானாப் போட்டுட்டுப் போயிடும். வைவாவில் 'வென்டிலேட்டர் எதுக்குப்பா?' என்று கேட்டால், 'காத்து வர்றதுக்கு சார்' என்போம். அதோட அந்த சப்ஜெக்ட் முடிஞ்சுது.

ஆனா பழைய கட்டடங்களில் இந்த 'வி' பாத்ரூமோட நிக்கலை. பழைய தாலுகா ஆபீஸ், ரயில்வே குவார்ட்டர்ஸ், அரசுப் பள்ளி, நம்ம காலேஜ்களில் இருக்கிற பழைய பிளாக், பழைய ஹாஸ்டல், எதுவானாலும் ஒவ்வொரு கதவுக்கும் தலைக்கு மேல ஒரு குட்டி ஜன்னல் இருக்கும். கண்ணாடி போட்டிருக்கும், இல்லைன்னா கம்பி, இல்லைன்னா மரச் சட்டம். இன்னைக்குப் பெரும்பாலும் அதில் பிளைவுட் அடிச்சிருப்பாங்க, இல்லைன்னா நியூஸ் பேப்பர் ஒட்டியிருப்பாங்க. ஹாஸ்டலில் பேப்பர் ஒட்டறதுக்கு ஒரு தனிக் காரணம் உண்டு: ராத்திரி 11 மணிக்கு மேல லைட் எரியுதான்னு வார்டன் பார்க்கறது அது வழியாத்தான்!

அந்தக் குட்டி ஜன்னல் எதுக்கு வந்தது, எப்படி வேலை செய்யுது, ஏன் காணாமப் போச்சு, திரும்ப வரணுமா? இந்த நாலு கேள்விதான் இந்தக் கட்டுரை. கடைசிக் கேள்விக்கு நீங்க நினைக்கிற மாதிரி சுலபமான பதில் இல்லை. அதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கு.

பெயர்க் கதை

முதலில் பெயர்களைச் சரி பண்ணிக்குவோம். கதவுக்கும் அதுக்கு மேல உள்ள ஜன்னலுக்கும் நடுவில் படுக்கையா ஒரு சட்டம் போகும் இல்லையா, ஆங்கிலத்தில் அந்தச் சட்டத்தின் பெயர்தான் டிரான்சம். செங்குத்தா நிக்கிற சட்டம் மல்லியன். அமெரிக்காவில் பேச்சுவழக்கில் சட்டத்தின் பெயரே ஜன்னலுக்கும் ஒட்டிக்கிச்சு. அங்கே டிரான்சம் என்றாலே கதவுக்கு மேல உள்ள ஜன்னல்தான்.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இதை ஃபேன்லைட் என்பாங்க. 18-ஆம் நூற்றாண்டு ஜார்ஜியன் பாணி வீடுகளில் வாசல் கதவுக்கு மேல அரைவட்டமா ஒரு கண்ணாடி இருக்கும். மையத்திலிருந்து கம்பிகள் விசிறி மடிப்பு மாதிரி விரிஞ்சு போகும். அதனால்தான் ஃபேன். டப்ளின் நகரத்தின் கலர் கலரான கதவுகள் போட்டோ பார்த்திருப்பீங்க. அதில் கதவுக்கு மேல இருக்கிறது இதேதான். பெரும்பாலும் அது திறக்காது. வாசலுக்குப் பின்னால் இருக்கிற இருட்டான நடைக்கு வெளிச்சம் கொடுக்க மட்டும்.

பிரெஞ்சில் இதுக்குப் பெயர் 'வாசிஸ்தாஸ்'. 'அது என்ன?' என்று ஜெர்மன் மொழியில் கேட்டால் 'வாஸ் இஸ்ட் தாஸ்'. அந்தக் கேள்வியே பெயரா மாறிடுச்சு என்பதுதான் பிரெஞ்சு அகராதிகள் தர்ற விளக்கம். ஜப்பானில் அறைக்கும் அறைக்கும் நடுவில் உள்ள நகரும் கதவுகளுக்கு மேல செதுக்கு வேலை செஞ்ச மரப்பலகை வைப்பாங்க. அது 'ரன்மா'. அழகுக்கு அழகு, காத்துக்குக் காத்து.

நம்ம ஊரில் மேஸ்திரியும் ஆசாரியும் சொல்றது 'வென்டிலேட்டர்'தான். கொரோனா காலத்துக்கு அப்புறம் அந்த வார்த்தைக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துட்டாலும், ரெண்டும் செய்யற வேலை ஒண்ணுதான்.

காத்து எப்படி வெளியே போகுது?

இப்போ தெர்மோடைனமிக்ஸ் கொஞ்சம். பயப்படாதீங்க, ஒரே ஒரு ஃபார்முலா.

சூடான காத்துக்கு அடர்த்தி கம்மி, அதனால மேல போகும். இது ஆறாம் வகுப்புப் பாடம். மேல போன காத்து அப்புறம் எங்கே போகும் என்பதைத்தான் நாம கேட்கறதில்லை.

நம்ம ஊர்க் கட்டடங்களில் லிண்டல் மட்டம் பொதுவா 7 அடி, அதாவது சுமார் 2.1 மீட்டர். கதவும் ஜன்னலும் அங்கேயே முடிஞ்சிடும். சீலிங் 10 அடி, சுமார் 3 மீட்டர். நடுவில் இருக்கிற 0.9 மீட்டர் உயரத்துக்கு சுவரில் ஓட்டையே கிடையாது. 3 மீட்டருக்கு 4 மீட்டர் அறையில் அது 10.8 கன மீட்டர். மொத்த அறை 36 கன மீட்டர். கணக்குப் போடுங்க: அறையில் 30 சதவீதக் காத்து, வெளியே போக வழியில்லாத ஒரு தலைகீழ்த் தொட்டியில் மாட்டிக்கிச்சு. அதுக்கு மேல பகல் முழுக்க வெயில் குடிச்ச கான்கிரீட் ஸ்லாப். ராத்திரி 11 மணிக்கு அந்த ஸ்லாப் சூட்டைக் கீழே இறக்கிக்கிட்டு இருக்கும். மாடி ரூம்காரங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வென்டிலேட்டர் அந்தத் தொட்டிக்கு ஒரு வாய் திறக்குது. கீழே ஜன்னல் வழியா குளிர்ந்த காத்து உள்ளே, மேலே வென்டிலேட்டர் வழியா சூடான காத்து வெளியே. இதுதான் ஸ்டாக் எஃபெக்ட். புகைபோக்கி வேலை செய்யற அதே விதி.

எவ்வளவு காத்து? ஃபார்முலாவை வார்த்தையில் சொல்றேன். புவியீர்ப்பு முடுக்கத்தின் இரண்டு மடங்கை, ரெண்டு திறப்புக்கும் நடுவில் உள்ள உயரத்தால் பெருக்கணும். அதை உள்ளே வெளியே வெப்பநிலை வித்தியாசத்தால் பெருக்கி, கெல்வினில் உள்ள வெப்பநிலையால் வகுக்கணும். வர்ற விடைக்கு வர்க்கமூலம் எடுத்தால் வேகம் கிடைக்கும். அதைத் திறப்பின் பரப்பாலும், டிஸ்சார்ஜ் கோஎஃபிஷியன்ட் 0.6-ஆலும் பெருக்கினால் காத்தோட்டம்.

வராண்டாவைப் பார்த்த ஒரு ஹாஸ்டல் ரூமை எடுத்துக்குவோம். பின்சுவரில் ஜன்னல், திறந்த பரப்பு 0.4 சதுர மீட்டர். கதவுக்கு மேல வென்டிலேட்டர், 0.9 மீட்டருக்கு 0.45, அதுவும் சுமார் 0.4. ரெண்டின் மையத்துக்கும் நடுவில் உயரம் 0.8 மீட்டர். உள்ளே வெளியேவிட 3 டிகிரி அதிகம். வெளியே 30 டிகிரி, அதாவது 303 கெல்வின். காத்து ஒரு துளி வீசலை.

வேகம் = (2 × 9.81 × 0.8 × 3 ÷ 303)-இன் வர்க்கமூலம் = வினாடிக்கு 0.394 மீட்டர். ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணா ரெண்டு சமமான திறப்பைக் காத்து தாண்டறதால, பயனுள்ள பரப்பு 0.4-ஐ 1.414-ஆல் வகுத்து 0.283. மொத்தத்தில் 0.6 × 0.283 × 0.394 = வினாடிக்கு 0.067 கன மீட்டர். மணிக்கு சுமார் 240 கன மீட்டர். 36 கன மீட்டர் அறையில் காத்து மணிக்கு ஆறேழு தடவை முழுசா மாறுது. ஒரு பைசா கரண்ட் செலவில்லாமல்.

வென்டிலேட்டரை அடைச்சிட்டு அதே ஜன்னலை மட்டும் திறந்து வெச்சா? அப்பவும் காத்து மாறும். ஜன்னலின் கீழ்ப் பாதியில் உள்ளே வந்து மேல் பாதியில் வெளியே போகும். ஒரே திறப்புக்கு உள்ள கணக்குப்படி (ஜன்னல் உயரம் 1.2 மீட்டர்) மணிக்கு சுமார் 100 கன மீட்டர். ஆக வென்டிலேட்டர் அதை ரெண்டரை மடங்கு ஆக்குது. வெளியே வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் மெல்லிசாக் காத்து அடிச்சாலே, ரெண்டு பக்கச் சுவருக்கும் அழுத்த வித்தியாசக் கெழு 0.6 என்று வெச்சால், வென்டிலேட்டர் உள்ள அறைக்கு மணிக்கு சுமார் 470 கன மீட்டர் கிடைக்கும். ஒரு பக்கம் மட்டும் ஓட்டை இருந்தா இந்தக் காத்தால பெரிய பிரயோஜனம் இல்லை. உள்ளே வந்த காத்து வெளியே போனாத்தானே அடுத்தது வரும்? ஃபுல்லா இருக்கிற பஸ்ஸில் பின்வாசலில் இறங்க வழிவிடாம, முன்வாசலில் ஏறப் பார்க்கிற கதைதான்.

"ஃபேன் இருக்கே?" என்பீங்க. சீலிங் ஃபேன் உள்ளே இருக்கிற காத்தைச் சுத்தும். உடம்பில் காத்துப் பட்டு வியர்வை காயறதால ஜில்லுன்னு தெரியும். ஆனா வெளியிலிருந்து ஒரு லிட்டர் புதுக் காத்தைக்கூட அது கொண்டு வராது. மேலே தேங்கின சூட்டையும் சேர்த்துக் கீழே தள்ளும், அவ்வளவுதான்.

ராத்திரியில் என்ன நடக்குது?

கொசுவுக்குப் பயந்து ஜன்னலையும் சாத்தி, கதவையும் சாத்திட்டு மூணு பேர் ஒரு ரூமில் படிக்கறாங்கன்னு வைங்க. செமஸ்டர் எக்ஸாம் சீசனில் இது தினமும் நடக்கறதுதான். உட்கார்ந்து படிக்கிற ஒருத்தர் மணிக்கு சுமார் 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளியிடுவார். மூணு பேருக்கு 54 லிட்டர். கதவிடுக்கு வழியா மணிக்கு 15 கன மீட்டர்தான் காத்து மாறுதுன்னா, அறையில் சேர்ற அளவு கடைசியில் 4000 பிபிஎம் பக்கம் போய் நிற்கும். வெளிக்காத்தில் இருக்கிறது 420-க்குக் கொஞ்சம் மேல. தூங்கும்போது நாம வெளியிடறது குறையும். அப்படியும் விடியும்போது 3000-ஐ நெருங்கிடும். காலையில் எழுந்ததும் தலை பாரமா, எட்டு மணி நேரம் தூங்கியும் தூங்காத மாதிரி இருக்கறதுக்கு மெஸ் சாப்பாட்டை மட்டும் திட்டாதீங்க.

இப்போ ஜன்னலும் கதவும் சாத்தியே இருக்கட்டும். வராண்டா பக்கம் வென்டிலேட்டர் மட்டும் கொசுவலை இல்லாமல் திறந்திருந்தால், அதே 3 டிகிரி வித்தியாசத்தில் அது ஒண்ணு மட்டுமே மணிக்கு சுமார் 60 கன மீட்டர் மாத்தும். தூங்கற மூணு பேருக்கு அளவு 1000-ஐ ஒட்டி வந்து நின்னுடும். வலை போட்டால் இது குறையும், தூசி படிஞ்ச வலைன்னா ரொம்பவே குறையும். ஆனா பூஜ்ஜியம் ஆகாது. திருடன் கை விட முடியாத உயரத்தில், தூங்கறவங்க முகத்தில் காத்து அடிக்காத இடத்தில், கதவைச் சாத்தின பிறகும் வேலை செய்யற திறப்பு அது ஒண்ணுதான். நம்ம முன்னோடிக் கொத்தனார்கள் பிபிஎம் மீட்டர் வெச்சுப் பார்க்கலை. வெச்சுப் பார்த்திருந்தாலும் அதே இடத்தில்தான் ஓட்டை விட்டிருப்பாங்க.

கார்பன் டை ஆக்சைடு இங்கே ஒரு அடையாளம். அது ஏறுதுன்னா, ஒருத்தர் விட்ட மூச்சை இன்னொருத்தர் இழுக்கறார்னு அர்த்தம். காசநோய், ஃப்ளூ, கொரோனா எல்லாம் பரவறதுக்கு அந்த ஒரு வழி போதும்.

கயிறு, கப்பி, கம்பி

உயரத்தில் இருக்கிற ஜன்னலை எப்படித் திறப்பது? இதில் நல்ல மெக்கானிக்கல் வேலை இருக்கு.

பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டடங்களில் மர உத்திரங்களுக்கு மேல செங்கலைக் குத்துவாக்கில் சுண்ணாம்புக் காரையில் அடுக்கித் தளம் போட்டிருப்பாங்க. சீலிங் 12 அடி, 15 அடி என்று ஏறிப் போகும். அங்கே வென்டிலேட்டர் கதவு நடுவில் அச்சில் சுழலும். மேலே ஒரு கயிறு, கீழே ஒரு கயிறு. ஒண்ணை இழுத்தா திறக்கும், இன்னொண்ணை இழுத்தா மூடும். கயித்தைச் சுவரில் உள்ள கொக்கியில் சுத்தி வெச்சால் எந்தக் கோணத்திலும் நிறுத்தலாம். நடு அச்சு என்பதால ரெண்டு பாதியின் எடையும் ஒண்ணையொண்ணு சமன் செய்யும். அதனால பள்ளிக்கூடப் பையன்கூட இழுக்கலாம்.

அமெரிக்காவில் கதவோரமா நீளமான ஒரு உலோகக் கம்பியைப் பொருத்தினாங்க. கம்பியை மேலே தள்ளினால் டிரான்சம் திறக்கும், திருகை முடுக்கினால் அங்கேயே நிற்கும். சிகாகோவைச் சேர்ந்த ஜான் வோலன்சாக் 1870-களில் இதுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தக் காப்புரிமைச் சண்டை 1885-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. ஒரு குட்டி ஜன்னலைத் திறக்கிற கம்பிக்கு! அவ்வளவு கட்டடங்களில் அது இருந்தது என்று அர்த்தம்.

வெளிச்சமும் ஒரு காரணம். நடுவில் நடை, ரெண்டு பக்கமும் அறைகள் என்று கட்டினால் நடைக்கு ஜன்னலே கிடையாது. அறைக்குள்ள வர்ற பகல் வெளிச்சம் டிரான்சம் கண்ணாடி வழியா நடைக்குக் கசியும். கட்டடக்கலையில் இதைக் கடன் வெளிச்சம் என்பாங்க. அந்த ஊர் ஆபீஸ்களில் இது எவ்வளவு சகஜம்னா, பதிப்பகங்களுக்குக் கேட்காமலே வந்து சேர்ற கையெழுத்துப் பிரதிகளை இன்னைக்கும் 'டிரான்சம் வழியா வந்தது' என்றுதான் சொல்றாங்க. பூட்டின கதவுக்கு மேல வழியா யாரோ உள்ளே போட்டுட்டுப் போன மாதிரி.

அப்புறம் ஏன் மறைஞ்சுது?

பாதிப் பேர் சொல்ற பதில் ஏசி. சரிதான். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் வடிவமைச்ச இயந்திரத்திலிருந்து நவீன ஏசியின் கதை தொடங்குது. ஏசி போட்ட அறைக்குக் காத்து வெளியே போறது நஷ்டம். 1938-இல் டியூப் லைட் சந்தைக்கு வந்தது. கடன் வெளிச்சமும் தேவைப்படலை. நம்ம ஊரில் இன்னொரு எதிரி பரண், அதாவது லாஃப்ட். லிண்டல் மட்டத்தில் கான்கிரீட் பலகை போட்டு மேலே அண்டா, சூட்கேஸ், கொலு பொம்மை எல்லாம் ஏத்திட்டோம். வென்டிலேட்டர் வர வேண்டிய சுவர் அதுக்குப் பின்னால போயிடுச்சு.

ஆனா பதிலோட இன்னொரு பாதி இருக்கு. அதை யாரும் சொல்லித் தர்றதில்லை. நெருப்பு.

சூடான காத்து மேல போகும்னு சொன்னோம் இல்லையா? புகையும் சூடான காத்துதான். நடையில் நெருப்புப் பிடிச்சால் புகை முதலில் சீலிங்கில் படரும், அப்புறம் கீழே இறங்கும். கதவின் மேல் விளிம்பைத் தொடறதுக்கு முன்னாடியே அதுக்கு ஒரு வழி கிடைக்குது: டிரான்சம். நாம எந்த இடத்தைக் காத்துக்காகத் தேர்ந்தெடுத்தோமோ, அதே இடம் புகைக்கும் தோதான இடம்.

1946 டிசம்பர் 7, விடியற்காலை. அமெரிக்காவின் அட்லான்டா நகரில் 15 மாடி வைன்காஃப் ஹோட்டல். நெருப்பே பிடிக்காத கட்டடம் என்று விளம்பரம் செய்யப்பட்டது. எஃகுச் சட்டகக் கட்டடம், அதனால அந்த விளம்பரம் ஒரு அர்த்தத்தில் உண்மையும்கூட. நெருப்புக்கு அப்புறமும் கட்டடம் நின்னுச்சு. உள்ளே இருந்தவங்கதான் இல்லை. ஒரே ஒரு மாடிப்படி, ஸ்பிரிங்க்ளர் இல்லை, நடுவில் நடை, ஒவ்வொரு அறைக் கதவுக்கும் மேல டிரான்சம். நடை வழியாப் பரவின நெருப்பும் புகையும் திறந்திருந்த டிரான்சம்கள் வழியா அறைகளுக்குள்ள போச்சு. 119 பேர் இறந்தாங்க. ஹோட்டலைக் கட்டின வைன்காஃபும் அவர் மனைவியும் அதில் அடக்கம். அடுத்த வருஷம் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் தீத்தடுப்புக்காகவே ஒரு மாநாடு கூட்டினார்.

1958 டிசம்பர் 1, சிகாகோவில் அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ் என்ற பள்ளி. மாடிப்படிக்குக் கீழே தொடங்கின நெருப்பு மேல்தளத்து நடையை நிரப்பிச்சு, ஏன்னா அந்தத் தளத்தில் படிக்கட்டை மறிக்கக் கதவில்லை. வகுப்பறைக் கதவுகளைச் சாத்தினாங்க. ஆனா கதவுக்கு மேல இருந்த டிரான்சம் கண்ணாடி சூட்டில் உடைஞ்சுது. 92 பிள்ளைகளும் 3 கன்னியாஸ்திரி ஆசிரியைகளும் இறந்தாங்க.

இதைக் கவனிங்க: முதல் சம்பவத்தில் டிரான்சம் திறந்திருந்தது. ரெண்டாவதில் கதவு சாத்தியும் கண்ணாடி தாங்கலை. மூடி வெச்ச சாதாரணக் கண்ணாடி சுவர் ஆகாது. இந்த மாதிரி விபத்துகளுக்கு அப்புறம்தான் அந்த ஊர்ப் பழைய ஹோட்டல்களிலும் பள்ளிகளிலும் டிரான்சம்களை நிரந்தரமா அடைக்கற வேலை வேகம் பிடிச்சது.

அப்போ நம்ம பழைய பிளாக் ஆபத்தா?

இங்கேதான் பிளானைப் பார்க்கணும். அந்த ரெண்டு கட்டடத்திலும் கதவுக்கு வெளியே இருந்தது மூடின நடை. நம்ம பழைய பள்ளி, காலேஜ், ஹாஸ்டல்களில் கதவுக்கு வெளியே இருக்கிறது பெரும்பாலும் திறந்த வராண்டா. ஒரு பக்கம் வகுப்பறை வரிசை, இன்னொரு பக்கம் கைப்பிடிச் சுவரும் தூணும், அதுக்கு அப்பால் வானம். வராண்டாவுக்கு வந்த புகை வெளியே போயிடும். சீலிங்குக்கு அடியில் தேங்கிக் கீழே இறங்கற வேலை பெரிய அளவில் நடக்காது. ஆக நம்ம வென்டிலேட்டர் திறக்கிறது நடைக்கு இல்லை, வெளிக்காத்துக்கு. அதே ஜன்னல், அதே உயரம், ஆனா ஆபத்து ரொம்பக் குறைவு.

பிரச்சினை, நாம இப்போ அந்தக் கட்டடங்களுக்குச் செய்யற 'மாடர்னைசேஷன்'. மழைச்சாரல் வருது, புறா வருது, அழகா இல்லைன்னு வராண்டாவின் திறந்த பக்கத்தை அலுமினியம் ஃபிரேம், கண்ணாடி போட்டு மூடறாங்க. பார்க்க ஐடி கம்பெனி மாதிரி இருக்கும். ஆனா அந்த நிமிஷமே வராண்டா மூடின நடையா மாறிடுது. கதவுக்கு மேல பழைய வென்டிலேட்டர் அப்படியே இருக்கு. நடையில் ஸ்விட்ச் போர்டு, வாட்டர் கூலர், பழைய பெஞ்ச் அடுக்கு. வென்டிலேட்டர் ஓட்டை வழியா நெட்வொர்க் கேபிளும் ஏசி ஒயரும். எங்கிருந்தோ இறக்குமதி செய்யாமலே 1946 ஹோட்டலின் பிளானை நாமே கட்டி முடிச்சிட்டோம்.

இதுக்கு மாற்று வழிகள் இருக்கு. வராண்டாவை மூடியே ஆகணும்னா, நடை பக்க வென்டிலேட்டரை நெருப்பைத் தாங்கற சுவராக் கட்டி அடைச்சிட்டு, அதுக்குப் பதில் வெளிச்சுவரில் ஜன்னலுக்கு மேல புதுசா திறப்பு விடலாம். மேல் தேங்கற சூடு அது வழியாப் போகும். குறுக்குக் காத்தோட்டம் போயிடறதால எக்ஸாஸ்ட் ஃபேன் தேவைப்படும். மூடாமலே சமாளிக்க முடிஞ்சா அதுதான் ரொம்ப நல்லது: சாரலுக்கு சன்ஷேடு நீட்டலாம், புறாவுக்கு வலை போடலாம். காத்தும் போகும், புகையும் போகும். ஏசி அறைகளில் வென்டிலேட்டரைப் பிளைவுட் அடிச்சு மூடறதுக்குப் பதிலா, கீல் வெச்ச கதவாவே விட்டால் கரண்ட் போன நேரத்தில் திறந்துக்கலாம். பிளைவுட் எரியற பொருள் என்பதையும் மறக்க வேண்டாம்.

நீங்களே செஞ்சு பார்க்க

அடுத்த வாரம் ஒரு மதியம், ரெண்டு பேர் சேர்ந்து உங்க பிளாக்கைச் சுத்தி வாங்க. டேப் ஒண்ணு, ஊதுபத்தி ஒண்ணு, நோட்டு ஒண்ணு போதும்.

1. எத்தனை கதவு, எத்தனை வென்டிலேட்டர், அதில் எத்தனை திறக்குது என்று எண்ணுங்க. எதால் அடைச்சிருக்கு என்பதையும் எழுதுங்க: பேப்பர், பிளைவுட், பெயின்ட், ஏசி பெட்டி, தேன்கூடு.

2. திறப்பின் நீள அகலம், தரையிலிருந்து மையத்தின் உயரம், ஜன்னல் மையத்தின் உயரம் அளந்து, மேலே சொன்ன கணக்கில் உங்க ரூமுக்கான எண்ணைப் போடுங்க.

3. ஊதுபத்தியை ஜன்னலோரமும் கதவோரமும் பிடிச்சுப் புகை எந்தப் பக்கம் சாயுதுன்னு பாருங்க. காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. ஃபேனை நிறுத்திட்டுப் பார்க்கணும். பக்கத்தில் திரை, பேப்பர், ஸ்மோக் டிடெக்டர் இல்லாத இடமாப் பார்த்துச் செய்யுங்க. வார்டனிடம் முதலில் சொல்லிடுங்க, இல்லைன்னா வேற ஏதோ புகைன்னு நினைச்சுக்குவார்.

4. கதவுக்கு வெளியே இருக்கிறது திறந்த வராண்டாவா, மூடின நடையா? மூடின நடைன்னா எத்தனை மாடிப்படி? படிக்குக் கதவு இருக்கா, அது சாத்துதா, இல்லை செங்கல் முட்டுக் கொடுத்துத் திறந்தே வெச்சிருக்கா?

நாலாவது கேள்விக்கு உங்க பதில் 'மூடின நடை, ஒரே படி' என்று வந்தால், அதை நோட்டோடு விட்டுடாதீங்க. அளவோடு, போட்டோவோடு துறைத் தலைவரிடமோ எஸ்டேட் ஆபீசிலோ எழுதிக் கொடுங்க. இன்டர்னல் மார்க்குக்காகச் செய்யற மினி புராஜெக்ட்டைவிட அது பிரயோஜனமான ரிப்போர்ட்டா இருக்கும்.

ஒரு நாள் நடையில் புகையைப் பார்த்துட்டு, வெளியே ஓட வழியில்லாமல் ரூமுக்குள்ளேயே இருக்க வேண்டி வந்தால்: கதவைச் சாத்துங்க, வென்டிலேட்டரை மூடுங்க, கதவிடுக்கில் ஈரத்துணி வைங்க, வெளிப்பக்க ஜன்னலுக்குப் போய் உதவி கேளுங்க. வென்டிலேட்டரைக் கீழே நின்னே மூட ஒரு கம்பியோ கயிறோ இருக்கான்னு இன்னைக்கே பார்த்து வெச்சுக்கிட்டா நல்லது.

மத்த நாட்களில், அதாவது கிட்டத்தட்ட எல்லா நாட்களிலும், திறந்த வராண்டா உள்ளவங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். ஸ்டூல் போட்டு ஏறி, அந்த நியூஸ் பேப்பரைக் கிழிச்சுப் போடுங்க. தேதியைப் பார்த்தீங்கன்னா, எத்தனை பேட்ச் அந்தக் காத்தைச் சுவாசிச்சிருக்குன்னு தெரியும். லைட் விஷயத்துக்கு ஒரு டேபிள் லேம்ப் வாங்கிக்கலாம்.